போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள அக்கா,

இன்று சீசனின் முதல் சாரல். பரணில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து உதறினேன். பையிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. போன வருடம் நீங்கள் போட்டுவைத்த நாலைந்து கிராம்பு, இன்னும் காரம் போகவில்லை. மலைக்காற்று தொண்டையைப் பிடிக்கும் என்று நடக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பீர்கள். எனக்கு மட்டும் கூடுதல், திருப்பூர்க்காரிக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை என்று.

குத்துக்கல்வலசைக்கு நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. 'நாங்கள்' என்பதே சரியில்லை. வீட்டைக் கட்டி முடித்ததும் அவர் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். மகள் கோவையில் விடுதிக்குப் போய்விட்டாள். பால்காரரிடம் பேசியதுதான் அன்றைய மொத்தப் பேச்சு என்று எத்தனையோ நாட்கள். காலையில் நீங்கள் ஐந்து பெண்கள் பேசிக்கொண்டே நடந்து போவதை வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பேன். ஒருநாள் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"ஏட்டி, தெனமும் உள்ள நின்னு எங்கள எண்ணிக்கிட்டா இருக்க? செருப்ப மாட்டிட்டு வா."

அப்படித்தான் நான் ஆறாவது ஆள் ஆனேன். இரண்டிரண்டு பேராகக் குற்றாலம் சாலையில் பாலம் வரை போய்த் திரும்புவோம். கடைசி ஜோடி நாம். தபால் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் நீங்கள். ஊரில் யாருடைய மகன் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறான் என்பது வரை தெரியும். உங்களைப் பற்றி மட்டும் அதிகம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

திரும்பும்போது உங்கள் வீடு முதலில் வரும். "போயிட்டு வரேனுங்கக்கா" என்பேன். என் 'ங்க'வைக் கேலி செய்துவிட்டு, "சரி, வா" என்பீர்கள்.

எட்டு மாதம்தான். கார்த்திகையில் ஒரு காலை நீங்கள் வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். மதியத்துக்குள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசலில் கால் வைத்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போயிட்டு வரேனுங்கக்கா."

இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். வருகிறேன் என்ற சொல் கூடவே கூடாது. என் ஊரிலும் அதுதான் வழக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நான் நடக்கப் போகவில்லை. ஐந்தரைக்கு அவர்கள் என் வாசலைத் தாண்டும் சத்தம் கேட்கும். செருப்பைக்கூட மாட்டியிருப்பேன், வாசல் விளக்கை மட்டும் போட மாட்டேன். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தையில் எல்லோரையும் இழந்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். மறுபடி பால்காரர் மட்டும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொல்ல உங்கள் மகள் வந்தாள், கூடவே நம்மோடு நடக்கும் மும்தாஜ் அக்காவும். எனக்குத் துக்கம் ஆறட்டும் என்றுதான் கூப்பிடாமல் இருந்தார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டு அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை சடைச்சுக்கிட்டாங்கதான். ஆனா அன்னைக்குப் பூரா எல்லாரும் அம்மாவ 'பாடி', 'பாடி'ன்னே சொன்னாங்க. நீங்க ஒருத்திதான் எங்கம்மாகிட்ட பேசினீங்க."

இப்போது ஐந்து பேர் நடக்கிறோம். மூவராகச் சேர்ந்து நடந்தால் கேரளா லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. அதனால் ஒருத்தி பின்தங்க வேண்டும்; பெரும்பாலும் அது நான்தான். அவர்கள் நல்லவர்கள். பாலத்தில் எனக்காக நிற்பார்கள். அப்படி நின்ற ஒருநாள் மும்தாஜ் அக்கா உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"ஆலங்குளத்துலேர்ந்து மாத்தலாகி வந்த புதுசுல, அவ தெனமும் மத்தியானம் ஆபீசு பின்கட்டுல போய் உக்காந்து அழுவா. ஒரு வருசம். இங்கன ஒருத்தரையும் தெரியாதுல்லா."

இதை என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை, அக்கா. சொல்லியிருந்தால் பாலம் வரை நாம் வேறு மாதிரி நடந்திருப்போம். பின்னால் தனியாக வரும்போது நீங்கள் அழுத அந்த ஒரு வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். அதற்கு அப்போது துணை இருந்ததா, தெரியவில்லை. இப்போது அது என்னோடு நடக்கிறது.