மாமன் சீருக்கு ரசீது

14-2-1983
கம்பெனியிலிருந்து ரிஜிஸ்டர் தபால். இங்கிலீஷ். மகள் தங்கப்பொண்ணு படித்துச் சொன்னாள்: வாடிப்பட்டி தாலுகாவுக்கு எனக்குக் கொடுத்த தையல் மிஷின் ஏஜென்சி இன்றோடு ரத்தாம். எல்லை தாண்டி உசிலம்பட்டியில் மிஷின் விற்றேனாம்.

நான் எங்கே விற்றேன்? தங்கச்சி ஒச்சாயி மகள் சடங்குக்கு மாமன் சீராக ஒரு மிஷினை வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோனேன். அதோடு விட்டேனா? வண்டிக்கு முன்னால் கடை போர்டையும் கட்டினேன். ஓசி விளம்பரம் என்று நினைத்த மூளை இது. அந்த ஊர் ஏஜெண்ட் பார்த்து எழுதிப் போட்டுவிட்டார்.

15-2-1983
கடைக்கும் வீட்டுக்கும் ஏழு நடை. "நடக்கிறதுக்குக் கம்பெனி சம்பளம் தருதா?" என்கிறாள் அன்னக்கொடி. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான் ஆறுதல் சொல்கிறாள்.

18-2-1983
தல்லாகுளம். வக்கீல் நல்லகாமன் அக்ரிமெண்டைப் புரட்டிவிட்டு, "இதப் படிச்சீங்களாண்ணே?" என்றார்.

"கையெழுத்துப் போடுற எடம் மட்டும் படிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. வெளியூரில் விற்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறதாம். கொடுக்கக் கூடாது என்று இல்லையாம். நீக்குவதற்கு ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் தரவேண்டுமாம், தரவில்லை. போர்டைக் கழற்றக் கூடாது. கம்பெனி ஆள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாம் சரி. ஆனால், அது சீர்தான் என்று தங்கச்சி மாப்பிள்ளையிடம் எழுதி வாங்கி வரவேண்டும். ஏனென்றால் கியாரண்டிக்காக அவர் பெயரில் பில் போட்டுத் தொலைத்த புத்திசாலி நான்தான்.

20-2-1983
உசிலம்பட்டி. தங்கச்சி புருஷன் முத்துக்கருப்பனிடம் காகிதத்தை நீட்டினேன். படித்தார். மடித்தார். என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார்.

"மாமன் சீருக்கு ரசீதா மச்சான்? நாளைக்கு மிஷினத் திருப்பிக் கேப்பீகளோ?"

"கோர்ட்டுக்கு மாப்ள..."

"ஊரே பாத்துச்சு. இன்னும் எம்புட்டுப் பேரு பாக்கணும்?"

ஒச்சாயி கதவுக்குப் பின்னால் அழுதாள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

5-3-1983
கிளை மேனேஜர் வந்தார். ஏஜென்சியைத் திருப்பித் தருவாராம். "சீர்னு சொல்லி வித்துட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுதுங்க சுருளி, போதும்." பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

உண்மையைச் சொல்லணும்ல? வாங்கிட்டேன். ரெண்டு வரிதானே. அப்புறம் — சீரை வித்தேன்னு எழுதிட்டு ஒச்சாயி மூஞ்சில எப்படி முழிக்க? அவ ஊருல எப்படி நடமாடுவா?

மூடியை மாட்டிக் கொடுத்தேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். வீரன் மாதிரி மறுக்க எனக்கு வராது.

6-3-1983
யோசித்தாயிற்று. வழக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

17-8-1984
கோர்ட். ஒன்றரை வருஷமாகக் கம்பெனி சரக்கு அனுப்பவில்லை. ரிப்பேர் பார்த்துத்தான் சாப்பாடு. மாப்பிள்ளைக்குச் சம்மன் போயிருந்தது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சலவை வேட்டியில் வந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

கம்பெனி வக்கீல் பில்லைக் காட்டி, "எவ்வளவு கொடுத்து வாங்கினீங்க?" என்றார்.

"தாய்மாமன்ட்ட யாருங்க வெல கேப்பா? எங்க பிள்ளைக்கு அவரு கொண்டாந்த சீரு. எழுதித் தரமாட்டேன்னேன். வாயால எத்தன வாட்டி கேட்டாலும் சொல்வேன்."

வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

12-11-1984
தீர்ப்பு. ஏஜென்சியை நீக்கியது செல்லாது. கம்பெனி அப்பீல் போகலாம் என்கிறார் வக்கீல். போகட்டும்.

நேராக உசிலம்பட்டி. மாப்பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். தலையை ஆட்டினார். மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏ புள்ள, உங்கண்ணன் வந்திருக்காக. எலையப் போடு."