போர்ஷன் முடிக்காத கோச்

சனிக்கிழமை, இரவு.

சுந்தரை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. பிளசன்டன் ஜிம்மில் அவர் பெண்ணுக்கும் என் பெண்ணுக்கும் பாஸ்கெட்பால் சொல்லித்தரும் கோச் போஸ்னியாக்காரர். யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தபோதே பெரிய அணிகளை ஜெயிக்க வைத்தவர். சுந்தர் ஆடியது ஹாஸ்டல் கேரம் மட்டும். இன்று பெற்றோர் கூட்டத்தில் அந்த மேதை என் காதில் சொன்னார்: "இவர்கிட்ட சிலபஸே இல்லங்க. ரெண்டு மாசமா வெறும் டிஃபென்ஸ்தான். வேற ஆள் பாத்துடலாம்."

பிறகு எழுந்து, போர்ஷனை எப்போது முடிப்பீர்கள் என்று கோச்சிடமே ஆங்கிலத்தில் கேட்டார். ஏதோ டியூஷன் சென்டர் என்று நினைப்பு! போர்ஷன் என்றால் சாப்பாட்டு அளவா என்று கோச் விழித்தார். பாடத்தை முழுதாக நடத்தி முடிப்பது என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. வெட்கக்கேடு.

கோச் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். அவர் ஆடிய கிளப் முடிந்துவிட்டதாம். பயிற்சி கொடுத்த லீக் முடிந்துவிட்டதாம். நாடே முடிந்துவிட்டதாம். இது ஒன்றுதான் இன்னும் முடியவில்லையாம்.

சுந்தர் என் பக்கம் குனிந்தார்.

"என்னங்க, டிசம்பருக்குள்ள முடிச்சிடுவாராமா?"