அறைக்கு ஒரு நெத்தலி

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

நாய்க்கு இவ்வளவு சீக்கிரம் புத்தி வரும்னு நான் நினைக்கல.

போன மாசம் எம் புருஷன் என்னை அடிக்கக் கை ஓங்கினப்போ ஜிம்மி குலைச்சுக்கிட்டே பாய்ஞ்சு அவரு கெண்டைக்காலைக் கவ்விடுச்சு. பூனை அளவுதான் இருக்கும் அது. "இன்னொரு தடவை குலைக்கட்டும், சாக்குல கட்டி ஆத்துல போட்டுர்றேன்"னாரு. போடுற ஆளுதான்.

அதனால நானே பழக்கினேன். தினமும் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு வந்ததும், அவரு வர்றதுக்கு முந்தி கதவைச் சாத்திக்கிட்டு என் கன்னத்துல நானே அறைஞ்சுக்குவேன். குலைச்சா ஒண்ணும் கிடையாது. சும்மா படுத்திருந்தா அறைக்கு ஒரு நெத்தலிக் கருவாடு.

லயத்துல வீட்டுக்கு வீடு நடுச்சுவரு மெல்லிசு. பக்கத்துக் காம்பரா சரோஜா, பீலிக் குழாயில தண்ணி பிடிக்கையில கேட்டா: "ஏன்க்கா, அண்ணே இல்லாத நேரத்துலயும் அடி விழுற சத்தம் கேக்குதே?"

நாயைப் பழக்குறேன்னேன். சிரிச்சா. சிரிக்கட்டும். அவ வீட்டுச் சத்தம் எனக்குக் கேக்காதா?

இன்னைக்குச் சாயங்காலம் ரொட்டி கருகிப்போச்சுன்னு அடிச்சாரு. மூணு அறை. நாலாவதுல சுவத்துல மோதி விழுந்தேன். ஜிம்மி அடுப்போரமா தலையைத் தரையில வச்சுப் பாத்துக்கிட்டே படுத்திருந்துச்சு. ஒரு முனகல் இல்ல.

"வீட்டுல ஒண்ணாவது சொல்பேச்சு கேக்குது"ன்னு சொல்லிட்டு அவரு படுக்கப் போயிட்டாரு.

நான் எந்திரிக்கிறதுக்குள்ள ஜிம்மி எந்திரிச்சிருச்சு. என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. கருவாட்டு டின்னுக்கு முன்னால போய் உக்காந்து வாலை ஆட்டுச்சு.

நாலு குடுத்தேன்.