கறுப்புக் கோட்டு வந்துடுச்சு

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் எபிசோடில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். காலையிலிருந்து தமிழ் வசனம் நான்கு வரி. நான்கே வரி.

இந்த அனிமே தொடரின் துப்பறிவாளருக்குப் பெயர் கிடையாது. கறுப்புக் கோட்டு, மூக்குவரை ஏற்றிவிட்ட காலர், பேய் புகுந்த வீடுகளுக்குத் தனியாகப் போய் விசாரிக்கிற வேலை. ஆணா பெண்ணா என்று படம் எடுத்தவர்கள் சொல்லவில்லை. யாரும் கண்டுபிடிக்கும்படி வசனம் எழுதக் கூடாது என்று கடிதம் வேறு. அவர்கள் மொழியில் அது சுலபம். தமிழில் வந்தானா வந்தாளா என்று வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறதே! ஆறு எபிசோடை 'வந்தார், போனார்' என்று ஒப்பேற்றிவிட்டேன். ஏழில் ஒரு கொலைகாரப் பேய். துப்பறிவாளர் மேல் கறுவிக்கொண்டு இன்னொரு பேயிடம் பேசுகிறது. அது போய் 'அவர் வந்துட்டார்' என்று சொல்லுமா?

டப்பிங் டைரக்டரும் அதையே கேட்டார். எதை எடுத்தாலும் இன்னொரு தடவை கேட்பதால் ஸ்டுடியோவில் அவர் பெயரே ஒன் மோர்.

"ஏம்மா, உங்க பேய் என்ன, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வரவேற்குதா? 'அவன்'னு போட்டு முடிங்க."

முடியாது என்றேன். முறைத்தார்.

மார்ச் 5, புதன்

'அது' போட்டுப் பார்த்தேன். தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடுவதுபோல் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

அக்காவிடம் புலம்பினேன். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுக்கு. வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "நாங்க எங்க டாக்டரை அவர் இவர்னா சொல்றோம்? 'வெள்ளைக் கோட்டு வந்துடுச்சு, போனை உள்ள வை'ம்போம்."

கறுப்புக் கோட்டு வந்துடுச்சு!

மரியாதையும் இல்லை, ஆண் பெண்ணும் இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா? அக்காவைக் கட்டிக்கொண்டேன். "எப்படியும் அது ஆம்பளைதான்டி," என்றாள். "பொம்பளைன்னா அந்தக் கோட்டை ஒரு தடவையாவது துவைச்சிருப்பா."

ஏப்ரல் 1, செவ்வாய்

டைபாய்டு. மூன்று வாரம் படுக்கை. எட்டு முதல் பதினொன்றுவரை படுத்தபடியே எழுதி அனுப்பினேன். இன்றுதான் ஸ்டுடியோ போய் ஒலிப்பதிவைக் கேட்டேன்.

போகாமலே இருந்திருக்கலாம்.

ஏழாம் எபிசோடில், எப்போதோ செத்துப்போய்ப் பேயாக அலையும் ஒரு சின்னப் பெண் துப்பறிவாளரோடு ஒட்டிக்கொள்கிறாள். அதன் பிறகு அவர் போகிற இடமெல்லாம் அவளும். நான் எழுதியது: "போகாதீங்க, நானும் வரேன்." பதிவாகியிருப்பது: "அண்ணா, போகாதீங்க, நானும் வரேன்."

அண்ணாவாம். அண்ணா! பதினொன்றுவரை எண்ணினேன். பதினேழு அண்ணா.

"வாய் அசைவு மிச்சம் இருந்துச்சு. 'அண்ணா' கச்சிதமா உக்காந்துச்சு," என்கிறார் ஒன் மோர். "சின்னப் பசங்க பாக்கறது. யாரு கவனிக்கப் போறா?"

என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன? ஜுரத்துல காதும் போச்சா எனக்கு? ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் அலுவலகத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: டைரக்டரின் முடிவே இறுதி.

ஏப்ரல் 9, புதன்

பன்னிரண்டாம் எபிசோடு வசனம் எழுத வந்துவிட்டது. கடைசி.

பேய்களெல்லாம் அடங்கியபின் அந்தச் சின்னப் பெண் விடைபெறுகிறாள். போகுமுன் கேட்கிறாள்: "உங்களை நான் அண்ணான்னு கூப்பிடறதா, அக்கான்னு கூப்பிடறதா?" துப்பறிவாளர் குனிந்து அவளுக்கு மட்டும் தெரியும்படி காலரை இறக்குகிறார். நமக்குத் தெரிவது முதுகுதான். "நீ எப்படிக் கூப்பிட்டாலும் வருவேன்." அவ்வளவுதான். படம் முடிந்துவிடுகிறது.

அழுதுவிட்டேன். கண்ணைத் துடைப்பதற்குள் ஒன் மோரின் அண்ணா நினைவுக்கு வந்தது. பதினேழு தடவை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு இப்போது இந்தக் கேள்வியைக் கேட்டால், பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

மாலையில் அலுவலகத்திலிருந்து போன். அவர்களும் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டார்கள். "வசனம் எழுதினவங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்ல?"

சொன்னேன்யா! எழுதியே கொடுத்தேனே! பழைய கடிதத்தைத் தேதியோடு அப்படியே திருப்பி அனுப்பினேன். இந்த வேலையே வேண்டாம் என்று இன்னொன்றும் எழுதினேன். அனுப்பவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஒன் மோர் கூப்பிட்டார். "பதினேழு இடம். சனிக்கிழமை ஸ்டுடியோ இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்தா முடிச்சிடலாம்." மன்னிப்பு என்ற சொல் அவர் வாய் அசைவுக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது.

போக மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

போனேன். அவருக்காக இல்லை, அந்தச் சின்னப் பெண்ணுக்காக.

அவளுக்குக் குரல் கொடுப்பவர் கல்லூரி போகிற மகள் இருக்கும் ஒரு அம்மா. 'அண்ணா'வை எடுத்துவிட்டு 'இருங்க', 'ஐயோ', 'நில்லுங்க' என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். பதினாறு முடிந்தது. பதினேழாவதில் எந்தச் சொல்லும் உட்காரவில்லை. ஒன்பது தடவை எடுத்தோம். அலுத்துப்போய் அந்த அம்மா மூக்கை லேசாக உறிஞ்சினார். அழுகையை அடக்கும் குழந்தை அப்படியே செய்யும்.

ஒன் மோர் இன்னொரு தடவை கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"போதுமாம்மா?"

போதும் என்றேன்.

ஜூன் 21, சனி

நேற்று கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. இன்று கிளினிக்கில் காத்திருந்த இரண்டு பிள்ளைகளுக்குள் சண்டையாம். "அது அக்காதான்!" "இல்ல, அண்ணா!" பல்வலியையும் மறந்துவிட்டார்களாம். பஞ்சாயத்து அக்காவிடம் வந்திருக்கிறது. 'அதை எழுதினதே என் தங்கச்சிதான். எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்' என்று கெத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

வந்ததும் வராததுமாகக் கைப்பையைக்கூட வைக்காமல், "இப்ப எங்கிட்ட மட்டும் சொல்லு," என்றாள்.

"எனக்கும் தெரியாதுக்கா."

"சொந்த அக்காகிட்டயே மறைக்கிறே பாத்தியா?" கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்று தட்டினேன். சத்தியமாகத் தெரியாது என்றேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "தெரியாமயா பன்னெண்டு எபிசோடு எழுதினே?"

ஆமாம். தெரியாமல்தான் எழுதினேன்.