இமயப் படையெடுப்பு, வழி: ஐஸ் கம்பெனி

ஏப்ரல் 20, கடலூர்

இன்று காலை, வாயில் பாதி இட்லி இருந்த நிலையில், இமயமலை மீது படையெடுப்பதென்று முடிவு செய்தேன். காரணம் வேர்வை. சட்னியைத் தொடுவதற்குள் பனியன் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துவிட்டது.

திட்டம் எளிது. ஊரிலுள்ள பாதிக் கல்யாணங்களையும், வேளாங்கண்ணிக்குப் போன அத்தனை பேரையும் சுமந்த என் வேன் இப்போது சவாரி இல்லாமல் நிற்கிறது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்தால் அதுவே அரண்மனை. ஜூனில் மணாலி. அதையும் தாண்டி ஜிஸ்பா என்றொரு ஊர். ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி — ஆகா!

அமிர்தத்திடம் அறிவித்தேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, அவள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கு ஃபேன் போதுவதில்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்கிறாள். தூங்கும்போதுகூடக் கை விசிறிக்கொண்டேயிருக்கும். "இந்த வயசுல அப்படித்தாம்மா, போகப் போக சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. எதுவரை போக வேண்டும் என்று சொல்லவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல" என்றாள் என் மனைவி.

அவள் வராவிட்டால் படையெடுப்பு ரத்து. இதை அவளிடம் சொல்லவில்லை. பேரரசர்கள் கெஞ்சுவதில்லை.

ஏப்ரல் 23, சிதம்பரம்

வேனை மச்சான் கார்த்திகேசனின் பட்டறையில் விட்டேன். அமிர்தத்தின் தம்பி. லாரிக்கு பாடி கட்டுகிறவன்.

"மாமா, கட்டில் போட்டா அடுப்புக்கு எடமில்ல. அடுப்பு வச்சா ஒங்களுக்கு எடமில்ல."

"என்னை மடிச்சு வைக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணு மச்சான்."

"அந்தத் தொப்பை எங்க மாமா மடியும்?"

டேப் பிடித்து அளந்துகொண்டிருந்த அவன் மகள் அருள்மொழி குறுக்கே வந்தாள். "மாமா, அங்க ஜூன்லயே விடிகாலைல ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குமாம். தாங்குவீங்களா?"

"மார்கழி மாசம் பச்சத்தண்ணில குளிக்கிறவன்டி நானு!"

அப்படிக் குளித்தது என் கல்யாணத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை, ஹீட்டர் ரிப்பேர் ஆனபோது. வரலாற்றுக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை.

ஏப்ரல் 30

வேன் முக்கால் அரண்மனை ஆகிவிட்டது. பக்கக் கதவு மட்டும் முழுதாக மூடவில்லை, விரல் நுழைகிற இடைவெளி. "காத்தோட்டமா இருக்கட்டும் மாமா" என்கிறான் மச்சான். தவறுகளுக்குப் பெயர் வைப்பதில் அவன் பெரிய ஆள்.

மே 6, கடலூர்

பட்டறையிலிருந்து வேனை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, போகிற வழியில் பஞ்சாப்காரர்கள் பார்த்து மயங்கட்டுமென்று பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பது வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதை வேனிலேயே விட்டது அடுத்த ஞாபக மறதி. அக்னி நட்சத்திர வெயில், மூடிய வேன், முழுதாக இரண்டு நாள். இன்று கதவைத் திறந்ததும் எழுந்த வாசனையில், பரங்கிப்பேட்டையிலிருந்து ஈக்கள் பஸ் பிடித்து வந்தன.

அமிர்தம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதுலயா என்னை அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போவப்போறீங்க?"

"அப்ப வர்றியா?"

"வர்றேன்னா சொன்னேன்?"

சொல்லவில்லைதான். ஆனால் 'என்னை' என்றாளே! சந்தோஷத்தில் வேனை இரண்டு தடவை கழுவினேன். பலா போகவில்லை.

மே 9

உண்மை இன்று வெளியே வந்தது.

"குளிர்ல ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாஷை தெரியாத ஊர்ல நான் யாரைக் கூப்புடுவேன்? கொஞ்சம் மழை பேஞ்சாலே தும்முற ஆளு நீங்க!"

மறுக்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்மினேன்.

நிபந்தனையை அவளே போட்டாள். துறைமுகத்தில் என் பள்ளித் தோழன் சிங்காரம் மீன்படகுகளுக்காக ஐஸ் கம்பெனி நடத்துகிறான். அங்கே ஐஸ் அடுக்கிய அறைக்குள் நான் கால் மணி நேரம் நிற்க வேண்டும். நின்றால் வருவாள். இல்லாவிட்டால் இமயம் என்ற பேச்சே இந்த வீட்டில் எழக்கூடாது.

ஒப்புக்கொண்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தேன் — ஏன்டா ஒப்புக்கிட்ட?

மே 10

இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மச்சானின் மழைக்கோட்டு. துறைமுகமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"மீன்பிடித் தடைக்காலம்டா, பெரிய படகு எதுவும் போவல. உள்ள ஐஸ் கம்மியாத்தான் கெடக்குது" என்றான் சிங்காரம். "ஆனா ஒன்ன மாதிரி வீரனுக்கு இதுவே ஜாஸ்தி."

இதற்கென்றே சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அருள்மொழி செல்போனில் நேரம் வைத்தாள். உள்ளே போனேன், யானைமேல் போகிற மன்னனாக. கதவு மூடியது. முதலில் மூக்கு என்னை விட்டுப் போனது. பிறகு காது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. கண்முன்னே முன்னோர்கள் வரிசையாக வந்து நின்றார்கள், எல்லோரும் வேட்டி மட்டும் கட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி. கதவைத் தட்டினேன்.

"நாலு நிமிஷம் மாமா" என்றாள் பாவி.

நான் போட்ட சத்தத்தில் பயந்து கதவைத் திறந்தவள் அமிர்தம். என்னை வெளியே இழுத்துவிட்டு, கீழே விழுந்த குல்லாவை எடுக்க உள்ளே போனாள். போனவள் வரவில்லை.

எட்டிப் பார்த்தோம். சாதாரண நூல் புடவையில், ஐஸ் பாளத்தில் இரண்டு கையையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, வெளிய வாங்க!"

"கதவைச் சாத்துடி, குளிரெல்லாம் வெளிய போவுது."

நெடுநேரம் கழித்து வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"என்னைக்குக் கெளம்புறோம்?"

"நான்தான் தோத்துட்டேனே அமிர்தம்..."

"நீங்க தோத்தீங்க. நான் ஜெயிச்சேன் இல்ல?"

மே 11

தளபதி மாற்றம். எனக்கு ஜலதோஷம்.

ஜூன் 2

நாளை கிளம்புகிறோம். மச்சானும் நானும் மாறி மாறி ஓட்டுவது. அவனும் அருள்மொழியும் வெளியே கூடாரத்தில் படுப்பது. வேனுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. என் சுமை: ஆறு கம்பளி, நான்கு ஸ்வெட்டர். அமிர்தத்தின் சுமை: ஒரு பை, மேலாக அந்தக் கல்யாணப் பத்திரிகை. "வழியெல்லாம் வெயிலாச்சே" என்றாள்.

ஜூன் 13, ஜிஸ்பா

மத்தியானம். நல்ல வெயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே விட்டு இதை எழுதுகிறேன். ஆறு பக்கத்திலேயே கத்திக்கொண்டு ஓடுகிறது. மலை உச்சியெல்லாம் பனி. வேனுக்குள் இன்னும் பண்ருட்டி வாசனை.

அமிர்தம் காலையிலிருந்து ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீரில் காலை விட்டு. அந்தத் தண்ணீரை நான் பார்த்ததற்கே தும்மினேன். சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தாள்.

மச்சான் விட்ட கதவு இடைவெளி வழியாக ஊசி ஊசியாகக் காற்று. அவள் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மடித்து, அதில் செருகினேன். கச்சிதமாக அடைத்தது.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அதை எடுங்க. காத்து வரட்டும்."

எடுத்துவிட்டேன். எனக்குப் பல் தந்தியடிக்கிறது. அவள் தூங்கிவிட்டாள். கை அசையாமல் கிடக்கிறது.