ஒரு பிள்ளை பெத்தாச் சரியாப் போகும்

இன்று காலை மூத்தவளுக்காக நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரித்தேன், அக்கா. கருப்பட்டியோடு உருட்டிக் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "பிள்ளை பெத்தா இந்த வலி போயிருமாமே, நெசமாம்மா?" என்று கேட்டாள். அந்த வாடையில் உன் நினைப்புதான் வந்தது.

ஐம்பதுகளில், தென்காசி வீட்டுப் பின்கட்டில் மாதாமாதம் நான் சுருண்டு கிடக்கும்போது நீ சொன்னதும் அதுதான். "ஒரு பிள்ளை பெத்தாச் சரியாப் போகும் ஏட்டி. எனக்குப் போயிட்டுல்லா?" நான் நம்பவில்லை. ஆலங்குளத்து மாப்பிள்ளைக்கு என்னைத் தலையாட்ட வைக்க அம்மா உன்னைத் தூது விட்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். ஆனால் மூத்தவள் பிறந்ததும் எனக்கு வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அதோடு உன்னைச் சந்தேகப்படுவதை விட்டேன்.

பிறகு ஒரு சாரலுக்குக் குற்றாலம் போனோம். எல்லாரும் அருவியில் நிற்க, நாலு பிள்ளை பெற்ற நீ மட்டும் துணிகளுக்குக் காவலாகப் பாறையில் உட்கார்ந்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது. சளி என்றாய். சளி பிடித்தவள் அடிவயிற்றை ஏன் அமுக்குகிறாள்? போன வாரம்தானே மூன்று நாள் ஒதுங்கியிருந்து தலைக்குக் குளித்தாய்? பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"நாலாவதுக்குப் பெறவு வலி திரும்பி வந்துட்டு ஏட்டி, முன்னைக்கு மேல. மாசத்துல ரெண்டு தடவ ஒதுங்கி உக்காந்தா வீட்டுல யாரு பொங்குவா? மாமியா சும்மா விடுவாளா? வெளிய சொல்லிராத."

எனக்கு வந்தது கோபம், அக்கா. தீட்டை மறைத்து விளக்கேற்றுகிறாளே, என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதன்பின் உன் வீட்டில் சாப்பிடாமல் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அது நோயாக இருக்கும் என்று ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

மறு வருஷம் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கர்ப்பப்பையில் கட்டி முற்றிவிட்டது, ஏன் முன்னாலேயே கூட்டி வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். யாருக்குமே தெரியாது என்று அம்மா அழுதாள். நான் பேசாமல் அவள் பின்னால் நின்றேன். நீ வீடு திரும்பவில்லை.

இப்போது எந்தப் பெண் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நான் நம்புவதில்லை. துருவித் துருவிக் கேட்கிறேன். திட்டு வாங்குகிறேன்.

மூத்தவளிடம், "எனக்குக் குறைஞ்சுது, உன் பெரியம்மாவுக்குக் கூடிட்டு. உனக்கு எப்படின்னு மறைக்காம நீ சொல்லணும்" என்றேன்.

"பெரியம்மாவுக்குக் கூடினது யாருக்குமே தெரியாதுன்னு ஆச்சி சொன்னாங்களே?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.