அம்மாவின் கையெழுத்து

டுலூத்,
ஜூன் 9

அன்பு மகள் ரூனாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அலாஸ்காவின் குளிரில், விடுமுறை வேலைக்குப் போன அந்த மீன் பதனிடும் கொட்டகையில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஏரியில் ஐந்து நாளாக மூடுபனி. பாலத்தின் மேலே என் அறையில் உட்கார்ந்தால் தண்ணீரும் தெரிவதில்லை, ஊரும் தெரிவதில்லை. கப்பல் ஊதினால் அதற்கு வழிவிடப் பாலத்தைத் தூக்குகிறேன். வெண்மைக்குள்ளிருந்து ஒரு பெரிய சுவர் மெல்ல வந்து, என்னைக் கடந்து, மறுபடி வெண்மைக்குள் கரைந்துவிடுகிறது.

உன் கல்லூரியின் கட்டணக் கடிதம் வந்தது. மேற்குக் கடற்கரையில் இடம் கிடைத்த அன்று, "பணத்தைப் பத்தி நீ கவலைப்படாத, அது என் பாடு" என்று உன்னிடம் சொன்னேன். ஓய்வுக்காலச் சேமிப்பைத்தான் மனதில் வைத்திருந்தேன். அதை இப்போதே எடுக்க மனைவியும் கையெழுத்திட வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அம்மா மறுத்துவிட்டாள். "இங்க பாரு ஐனார், உனக்கு அம்பத்தெட்டு, எனக்கு அம்பத்தஞ்சு. இனிமே எப்போ இதைத் திரும்பச் சேர்ப்ப? முப்பது வயசுல அவ நமக்கு மருந்து வாங்க அலையணுமா?" என்றாள். நான் அவளைக் கஞ்சப்பிசினாறி என்றேன். அவள் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நடப் போய்விட்டாள்.

அதன் பிறகு செய்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, படிவத்தில் அவள் கையெழுத்தாக அவள் பெயரை நானே எழுதினேன். மறுநாள் சேமிப்பு நிதி அலுவலகத்தில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "அவங்க நேர்ல வந்து என் முன்னாடிதாங்க போடணும். உடம்பு ஏதும் சரியில்லையா அவங்களுக்கு?" என்று அக்கறையாகக் கேட்டாள். எனக்குக் காது மடல் எரிந்தது. தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நேரே வேலைக்கு வந்தேன்.

அன்று மதியம் ஒரு கப்பல் போனது. மேல்தளத்தில் ஒரு பெண் நின்று கையசைத்தாள். நீ என்றே நினைத்துவிட்டேன். பனி விலகியபோது உன் அம்மாவின் இளவயது முகம். இன்னொரு கணம், உனக்கு வயதானால் வரப்போகும் முகம். ரொம்பக் களைத்திருந்தது. கப்பல் போன பிறகும் பாலத்தை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கீழே கார்கள் அலறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "இருபத்தேழு வருஷம் கூட இருந்தும் என் பேரை எழுத வரலையே உனக்கு" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். கிழித்துப் போட்டது நான்தான்.

ரூனா, உனக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உன் இடம் இன்னும் இருக்கிறது. அம்மா நேரில் போய்க் கேட்டு வந்தாள். இரண்டு வருடம் வீட்டிலிருந்து படித்துவிட்டு, மீதிப் படிப்புக்கு மேற்குக் கடற்கரைக் கல்லூரிக்குப் போகலாம். சம்பளத்தில் முடிந்ததையெல்லாம் தருவோம். மிச்சத்துக்கு உன் பெயரில் கடன் வாங்க நேரலாம். சேமிப்பை மட்டும் தொட மாட்டோம். இந்த ஒரு வரியை எழுத நான்கு தாள் வீணானது.

இல்லை, இப்போதே மேற்குக் கடற்கரைக்குத்தான் போவேன் என்றாலும் முடிவு உன்னுடையது. அம்மா உன் அறைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாள். நீ வருவாயா என்று ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை.

கோபம் வந்தால் என்மேல் காட்டு. பதிலை மட்டும் அவள் பெயருக்கு எழுது, மகளே. உறையை அவளே பிரிக்கட்டும்.

எந்தக் கரையில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ஐனார்